கடவுள் சொல்லாவிட்டால் திருடலாமா?

திருடக் கூடாது என்று எந்த வேதத்திலும் ஒரு வரிகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது திருடலாமா?

லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், மதப்பற்று மிகுந்த ஆமிஷ்-மெனோனைட் (கட்டுப்பாடு மிகுந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு), யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டு, 1993இல் ஆய்வை வெளியிட்டார்கள். ஓய்வுநாளில் வேலை செய்வது? கடவுள் தடுக்காவிட்டால் தப்பில்லை என்றார்கள் ஆமிஷ் பிள்ளைகள். அடுத்தவரை அடிப்பது? விதி இல்லாவிட்டாலும் தப்புதான் என்றனர் பெரும்பாலோர். அடிபட்டவருக்கு வலிக்குமே! சடங்கு வேறு, அறம் வேறு என்று அந்த வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

அடுத்தவர் வலியைக் கண்டு தயங்கும் அந்த உணர்வின் வேர் மனித இனத்தைவிடப் பழையதாக இருக்கலாம். 1964இல் வெளியான ஒரு சோதனையில், சங்கிலியை இழுத்தால் ரீசஸ் குரங்குக்கு உணவு வரும். கூடவே பக்கத்துக் குரங்குக்கு ஷாக் அடிக்கும். அதைப் பார்த்த ஒரு குரங்கு 12 நாள் சங்கிலியைத் தொடாமல் பட்டினி கிடந்தது. (கைக்குழந்தைகளே நல்லவரைத் தேர்ந்தெடுக்கும் என்ற 2007ஆம் ஆண்டு ஆய்வு இதைவிடப் பிரபலம். பல ஆய்வகங்கள் கூடித் திரும்பச் செய்து 2024இல் வெளியிட்டபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.)

சரி, அப்படியானால் கடவுளுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். தெரிந்தவர்களுக்குள் ஏமாற்றினால் ஊர்வாயே தண்டித்துவிடும். முகம் தெரியாதவரை ஏமாற்றினால் யார் கேட்பார்? இங்கேதான் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்ற எண்ணம் உதவுகிறது. 2016இல் வெளியான ஆய்வில், உலகின் 8 சமூகங்களைச் சேர்ந்த 591 பேர் தனியாக உட்கார்ந்து, 30 காசுகளைப் பகடை சொல்கிறபடி இரண்டு கிண்ணங்களில் போட்டார்கள். ஒரு கிண்ணத்துக் காசு தனக்கு அல்லது தன் ஊர்க்காரருக்கு, மற்றது தொலைவில் வாழும் அறியாத மனிதருக்கு. முதலில் மனசுக்குள் ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும், காசு அதிலா மற்றதிலா என்பதைப் பகடை சொல்லும். நினைத்தது எது என்று வேறு யாருக்கும் தெரியாது, ஆகவே யார் ஏமாற்றினாலும் பிடிக்க முடியாது. ஆனால் மொத்தக் கணக்கு 15-15லிருந்து விலகினால் தெரிந்துவிடும். தன் மனசை அறிந்து தண்டிக்கும் கடவுளை நம்பியவர்கள், தொலைவில் வாழும் அறியாத மனிதரின் கிண்ணத்தில் அதிகக் காசு போட்டிருந்தார்கள். அந்த அறியாத மனிதரும் அதே மதத்தவர் என்பதை விட்டுவிடக் கூடாது. வட்டம் பெரிதாகிறது, அதன் விளிம்புக்கு வெளியே என்ன நடக்கும் என்பதற்கு இந்த விளையாட்டில் பதில் இல்லை.

அன்றாட வாழ்க்கையில்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரை நாளுக்குப் பலமுறை போனில் விசாரித்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், நல்லது கெட்டது செய்யும் அளவில் பக்தர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

ஆனாலும் கடவுளை நம்பாதவர்கள் மீதான சந்தேகம் நம்மை விடுவதில்லை. 13 நாடுகளில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொடர் கொலைகாரனை வர்ணித்து, அவன் யாராக இருப்பான் என்று கேட்டார்கள். நாத்திகன் என்று ஊகிக்கும் சாய்வு பலமாக இருந்தது. நாத்திகர்களிடமும்தான்.