நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்

இந்த வசந்தத்தில் மீன் பிடிக்கப் போய்க் குளிர்ந்த ஏரியில் விழுந்து எங்களிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் வுட் ஏரி, கலமல்கா ஏரி என்று எங்கும் கோக்கனிக்காகப் படகுகள் இறங்கிவிடும். கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வளரும் சாக்கை சால்மன் மீன்தான் கோக்கனி. கோடையில் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போய்விடும். வசந்தத்தில் மேல்நீரே சில்லென்று இருப்பதால் மேலேயே திரியும். தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர்கூட வேண்டாம், சின்னப் படகும் இரண்டு தூண்டிலும் போதும் என்று ஆட்கள் கிளம்புவது அதனால்தான்.

கோக்கனிக்கு வாய் மென்மை. தூக்கினால் தூண்டில் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் படகோரம் சாய்ந்து வலை போட வேண்டும். இந்த மூன்றாமவரும் சாய்ந்தார், விழுந்தார். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு படகு இருந்ததால் பிழைத்தார். அவர் மனைவி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது: "அவருக்கு நல்லா நீந்தத் தெரியும் டாக்டர்."

மூன்று குடும்பமும் இதையேதான் சொன்னார்கள். தயவுசெய்து கேளுங்கள். நீங்கள் நீந்திப் பழகிய குளத்தின் தண்ணீர் 27, 28 டிகிரி இருக்கும். ஏப்ரல் ஏரி பெரும்பாலும் 10 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. அதில் விழுந்த நொடியில் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும். உங்களால் அடக்க முடியாது. அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். ஆக, நீச்சல் தொடங்கும் முன்பே கதை முடிந்துவிடலாம். மனிடோபா பல்கலைக்கழகத்தின் குளிர்நீர் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று சொல்லிக்கொடுக்கிறார்: மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். எல்லோரும் பயப்படுவது அந்தக் கடைசி ஒன்றுக்கு. அதுவரை மிதக்க முடியாமல் முதல் இரண்டிலேயே பலர் மூழ்கிவிடுகிறார்கள். விறைத்த விரலால் லைஃப் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடிக்கவே முடியாது. விழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பதுதான் ட்ரோலிங், அதன் வேகம் மணிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆனால் தனியாகப் போனவர் விழுந்தால், படகு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நனைந்த குளிர்கோட்டோடும் பூட்ஸோடும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கில் சுவிட்ச் கயிற்றை உடம்பில் மாட்டுங்கள். முடிந்தவரை தனியாகப் போகாதீர்கள். போனை நீர்புகாத உறையில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள், படகின் பெட்டியில் அல்ல.

யாரையாவது தூக்கி எடுத்தால் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஈர உடையைக் கழற்றிப் போர்த்துங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் சிபிஆர் (மார்பை அழுத்தி, வாயால் மூச்சு கொடுப்பது) தொடங்குங்கள், உடம்பு சில்லிட்டுவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். 1999இல் நார்வேயில் பனிக்கு அடியில் ஓடையில் சிக்கிய அன்னா போகன்ஹோல்ம் என்ற மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கியது. அவர் பிழைத்து மருத்துவ வேலைக்கே திரும்பினார்.

கனடாச் சட்டப்படி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும், பெரியவர்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அதைவிட ஒரு படி அதிகம். வீட்டில் இருப்பவர்களே, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பும்போதே மாட்டிவிட்டு, ஜிப்பையும் நீங்களே இழுத்துவிடுங்கள்.