ஸ்கில் ப்ரோக்ரஷன்: தமிழில் தேர்ச்சிப்படி

பலர் ஒரே நேரத்தில் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில் அடிக்கடி அடிபடும் தொடர் ‘ஸ்கில் ப்ரோக்ரஷன்’. வாள் வீசுவதோ, மீன் பிடிப்பதோ, கணக்கு எழுதுவதோ, ஒரு வேலையைச் செய்யச் செய்ய நம் பாத்திரம் அதில் கைதேர்ந்துகொண்டே போகும் ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். காரைக்குடியில் நண்பர்கள் சிலர் இப்படியொரு விளையாட்டை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். களம், நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்து பர்மா. வாளும் கேடயமும் கிடையாது. ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடை. வரைவு முழுக்கத் தமிழ், இந்த ஒரு தலைப்பு மட்டும் இங்கிலீஷ். ‘திறன் முன்னேற்றம்’ என்று போட்டுப் பார்த்தார்கள். பயிற்சி முகாம் பேனர் மாதிரி இருக்கிறது.

‘ஸ்கில்’ ஆங்கிலத்துக்குப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் பிரித்தறிதல், பாகுபாடு. இது தெரிந்ததும் எனக்கு முதலில் தோன்றியது நம்முடைய ‘தேர்’. தேர்தல் என்றால் ஆராய்தல், ஆராய்ந்து எடுத்தல். ஆளை ஆராயாமல் நம்புவதைத்தான் வள்ளுவர் ‘தேரான் தெளிவு’ என்கிறார் (குறள் 510). அதே வேரிலிருந்துதான் தேர்ச்சி. கைதேர்ந்த ஆசாரி என்று நாம் சொல்வதும் அதனால்தான். பரீட்சை முடிவுகள் இந்தச் சொல்லைப் பாஸ், ஃபெயிலோடு கட்டிப்போட்டுவிட்டன. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. ‘திறன்’ பிறவியிலேயே இருக்கலாம், தேர்ச்சி பழகித்தான் வரும். விளையாட்டில் நடப்பது இரண்டாவது.

‘ப்ரோக்ரஷன்’ லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முன்னால் அடி எடுத்து வைப்பது என்று பொருள். அதன் உறவான ‘க்ராடுஸ்’ என்பதற்கு அடி, படி என்றே பொருள். ஆக, தேர்ச்சிப்படி.

பாத்திரம் எட்டியிருக்கும் நிலையைச் சொல்லும் ‘லெவல்’ கதை வேறு. லத்தீனில் தராசுக்கு ‘லிப்ரா’. அதன் குறுவடிவமான ‘லிபெல்லா’தான் லெவல் ஆனது. முதலில் அது மட்டம் பார்க்கும் கருவி, அதாவது நம் கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம். எனவே நேர்ச்சொல் ‘மட்டம்’. ஆனால் “நீ எத்தனையாவது மட்டம்?” என்று கேட்டால் அடிதடி ஆகிவிடும். இதற்கும் படியே போதும்.

படிகளுக்கு எண் மட்டும் கொடுக்காமல் பெயரும் கொடுப்பது தொடக்கத்திலிருந்தே இருக்கும் வழக்கம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் போர்வீரர் நான்காம் படியில் ‘ஹீரோ’, எட்டாம் படியில் ‘சூப்பர்ஹீரோ’. செட்டிநாட்டுக்கு இந்த வகையில் பஞ்சமே இல்லை. கடல் கடந்த கடைகளில் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். எடுபிடி வேலையோடு கணக்கும் பழகுவான். தேறினால் அடுத்தாள், அதாவது கடைப் பொறுப்பாளருக்கு உதவியாள். அதற்கும் மேலே, முதலாளி ஊரில் இருக்க, கடையை நடத்தும் ஏஜெண்ட். அவருக்கு வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணை. காசு சேர்ந்தால் சொந்தக் கடை. இதைவிட நல்ல தேர்ச்சிப்படியை எந்த வடிவமைப்பாளர் உட்கார்ந்து யோசித்தாலும் வராது, ‘அடுத்தாள்’ என்ற பெயர் உட்பட.

படியேற்றும் புள்ளிகளை எக்ஸ்பி என்கிறார்கள், ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதன் சுருக்கம். அதன் லத்தீன் மூலத்துக்கு முயன்று பார்த்தல் என்று பொருள். பட்டு அறிவது பட்டறிவு. இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். மேலே போகப்போக ஒவ்வொரு படிக்கும் கூடுதல் பட்டறிவு கேட்பது வழக்கம். ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் 99ஆம் படிக்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். 92ஆம் படியில் நிற்பவர் ஏறக்குறைய பாதிதான் வந்திருக்கிறார்! மீதிக்காக ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஆடுபவர்கள் ‘கிரைண்ட்’ என்பார்கள். அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் எப்போதோ சொல்லிவிட்டோம்.

தனியாக ஆடும் விளையாட்டில் ஒருவரே எல்லாவற்றிலும் தேறினால் யாருக்கும் நஷ்டமில்லை. பலர் ஆடும் இடத்தில் அது வினை. ஒருவருக்கு இன்னொருவர் தேவையே இல்லாமல் போய்விடும். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் இதற்காக ஒரு கட்டுப்பாடு வைத்தது. ஒரு தேர்ச்சி நூறு வரை போகலாம், எல்லாம் சேர்ந்து 700ஐத் தாண்டக் கூடாது. இந்த ‘கேப்’புக்கு உச்சவரம்பு. நிலத்துக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். நம் கடையிலும் வசூலில் கெட்டிக்காரர் ஐந்தொகை (வரவுசெலவு, சொத்துகடன் கணக்கு) போட இன்னொருவரைத் தேடிப் போகட்டும்.

மிச்சம் ‘ஸ்கில் ட்ரீ’, ஒரு தேர்ச்சியிலிருந்து அடுத்தது கிளைத்துப் போகும் அமைப்பு. 2000இல் வந்த டயப்லோ 2 இதைப் பரவலாக்கியது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று மரம், மரத்துக்குப் பத்துத் தேர்ச்சி. திரையில் அது மேலிருந்து கீழே இறங்கும், மரம் என்று சொன்னதால்தான் மரம். தேர்ச்சிக் கிளை என்றால் போதும். எடுத்த கிளை பிடிக்காமல் புள்ளிகளைத் திரும்பப் பெறுவது ‘ரீஸ்பெக்’. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் முதலில் இதற்கு ஒரு பொற்காசு வாங்கியது. மறுபடி மறுபடி மாற்றினால் கட்டணம் ஐம்பது வரை ஏறியது. மறுதேர்வு என்று பெயர் வைத்தால் அரியர் ஞாபகம் வரும். வட்டிக்கடைக் களத்துக்குக் கிளை மாற்றம்தான் சரி. கட்டணம் காசாக வேண்டாம், மூன்று ஆண்டுத் தவணையை முதலிலிருந்து தொடங்கட்டும் என்பது என் யோசனை. நண்பர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.