ராஜபார்ட்: வேடன் வேஷத்திலும் ராஜாதான்

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் டீக்கடைச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். நடிக்கிறவர்களின் படம், அதன் கீழே பெயர், ஊர், அவரவர் ஏற்கும் 'பார்ட்'. முருகனாக வருபவர் பெயரோடு 'ராஜபார்ட்' என்று இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் முருகன் அந்தக் கதையில் ராஜாவே இல்லை. வள்ளியிடம் அவன் வேடனாக வருகிறான், மரமாக நிற்கிறான், கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். 'கோவலன்' நாடகத்துக் கோவலன் வணிகன். அவனாக நடித்தவரும் ராஜபார்ட்தான். அரிச்சந்திரன் ராஜாதான், சரி. ஆனால் மயான காண்டத்தில் நாட்டை இழந்து, கையில் தடியோடு சுடுகாட்டைக் காத்துக்கொண்டு நிற்கும்போதும் அவர் ராஜபார்ட்தான்.

ஆக, கிரீடத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் குறைவு. ராஜபார்ட் என்பது கதையில் வரும் ஆளின் பெயர் இல்லை, நாடகத் தொழிலில் முதல் நடிகருக்கு இருக்கும் இடத்தின் பெயர். "ராஜபார்ட் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கலை" என்று ஹார்மோனியக்காரர் கவலைப்பட முடியும். "கதாநாயகன் இன்னும் இறங்கலை" என்றால் சிரிப்பு வரும். அகராதி பார்த்து 'அரச வேடம்' என்று பொருள் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் பாதியான 'ராஜ' வடமொழியின் ராஜன். 'அரசன்' அதன் திரிபா, தனித் தமிழா என்று ஒரு பழைய சண்டை உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

இரண்டாம் பாதிதான் சுவாரசியமானது. 'பார்ட்' ஆங்கிலச் சொல், அதற்கு மூலம் லத்தீன், பொருள் 'பகுதி'. நாடக மேடையில் அது வெறும் 'பங்கு' என்ற கருத்தாக இல்லாமல் கையில் பிடிக்கும் ஒரு பொருளாகவே இருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் முழு நாடகப் பிரதியையும் நடிகர் கையில் கொடுக்க மாட்டார்கள். அவர் பேச வேண்டிய வரிகளையும், அதற்கு முன் எதிராளி முடிக்கும் இரண்டு மூன்று சொற்களையும் மட்டும் நீளத் தாளில் எழுதிச் சுருட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சுருள்தான் 'பார்ட்'. வேடத்தைக் குறிக்கும் 'ரோல்' என்ற சொல்லும் சுருளிலிருந்து வந்ததே. அந்தக் காலத்தின் பெரிய நடிகர்களில் ஒருவரான எட்வர்ட் ஆலினுக்கு எழுதிக் கொடுத்த ஒரு சுருள் லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்னும் இருக்கிறது. ஷேக்ஸ்பியரைத் தெரியாதவர் இல்லை. ஆலினைத் தெரிந்தவர் எத்தனை பேர்? எழுதியவர் பெயர் நிலைக்கும், ஆடியவர் பெயர் கரையும். இது அங்கேயும் அப்படித்தான்.

ஆங்கிலேய நாடகத்தில் அந்தச் சுருள் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. மதுரைப் பக்கத்து 'ஸ்பெஷல் நாடக'த்தில் அதன் முறை, தாள் இல்லாமலேயே, இன்றும் நடக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கென்று நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து அமர்த்துவார்கள். ஒத்திகை கிடையாது. அன்று இரவுதான் மேடையில் சந்திப்பார்கள். அவரவர் மனத்தில் இருப்பது அவரவர் பார்ட் மட்டும். பத்து மணி வாக்கில் ஹார்மோனியம் தொடங்கும். பபூன் வருவார், டான்ஸ் வரும், அப்புறம் வள்ளி, நாரதர், இருவருக்கும் தர்க்கம். முருகன் வேடனாகி வள்ளியோடு வாதாடி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். இப்படி முன்பின் பழகாத ஆட்கள் சேர்ந்து விடிய விடிய ஒரு கதையை நடத்த வேண்டுமென்றால், யார் எந்த இடம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்ற பெயர்கள் நிலைத்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்தப் பெயர்கள் புழங்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். தெருக்கூத்து மண்ணில் ஆடப்பட்டது. பார்சி கம்பெனிகளும் ஆந்திரப் பக்கத்துக் கம்பெனிகளும் படுதா, சீன், கொட்டகை, டிக்கெட் எல்லாவற்றையும் கொண்டுவந்தன. புதுப் பொருளோடு புதுச் சொல்லும் வந்தது. அதை அப்படியே விழுங்காமல், தெரிந்த 'ராஜா'வின் வாலில் 'பார்ட்'டைக் கட்டிவிட்டார்கள் நம் ஆட்கள். ஆங்கிலேயர் யாரிடமாவது 'ராஜபார்ட்' என்று சொன்னால் விழிப்பார். பாதி அவர் சொல்லானாலும் முழுச் சொல் நம்முடையது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இந்த உலகத்தின் 'வாத்தியார்'. 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, சிறுவர்களை வைத்து நடத்திய 'பாய்ஸ் கம்பெனி'. ஔவை சண்முகம் என்று பின்னால் பெயர் பெற்ற டி.கே. சண்முகம், அண்ணன் தம்பிகளோடு சிறுவனாகச் சேர்ந்தது அங்கேதான். பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட் ஆவதற்கு முகவெட்டு போதாது, தொண்டை வேண்டும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழ வேண்டும். அதனால்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைப் பற்றிப் பேசும்போது நடிப்பை விட்டுவிட்டு, ஐந்து கட்டைக்கு மேல் சுருதி வைத்துப் பாடியவர் என்று கட்டைக் கணக்குச் சொல்வார்கள். கட்டை என்பது ஹார்மோனியத்தின் கட்டை. அப்படிப் பாடியவர் 1933-ல், 27 வயதில் இறந்துபோனார்.

ராஜபார்ட்டை வீழ்த்தும் எதிரி வில்லன் அல்ல, 'மகரக்கட்டு'. பதின்ம வயதில் குரல் உடைவதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்றுவரை கம்பெனியே தாங்கிப் பிடித்த பையன், குரல் உடைந்ததும் ஒன்றுக்கும் ஆகாதவன் ஆகிவிடுவான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பா ராஜபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்தபோது, அதே கம்பெனியில் சின்ன வேடங்களுக்கு நின்ற பையன் எம்.ஜி.ஆர். குரல் உடைந்து சின்னப்பா கம்பெனியை விட்டார். சங்கீதமும் குஸ்தியும் கற்றுத் தேறி, பிற்பாடு சினிமாவில் பெரிய நட்சத்திரமாகத் திரும்பி வந்து, 1951-ல் மறைந்தார். இப்போது அவர் பெயரைச் சொன்னால் தாத்தாக்கள் தலையாட்டுவார்கள்.

இந்தச் சொல்லுக்கு முழு அர்த்தத்தில் வாழ்ந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸைச் சொல்வேன். சிவகாசியில் 1886-ல், முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். சாதியைச் சொல்லி அவரோடு மேடையேற மறுத்தவர்களும் உண்டு என்பார்கள். அவர் முருகனாக வந்து பாடினால் நடுவே தேசப் பாட்டு வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டில் பறக்கிற கொக்கு வெள்ளைக் கொக்கு என்பது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் புரியும், ஓரத்தில் நின்ற போலீசுக்கும் புரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மேல் அமர்ந்த கோலத்திலேயே உயிர் பிரிந்தது. வேஷத்தோடு போன ராஜபார்ட்.

ராஜபார்ட் என்றால் ஆண் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நடத்திய கம்பெனியில் எல்லோருமே பெண்கள், ராஜபார்ட்டும் பெண்தான். அவர்கள் நாடகம் பார்க்க ஜனங்கள் வருவதற்காகத் தனி ரயில் விட்டார்கள், அதற்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் என்று பழையவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தனி ரயில் ஓடிய அந்தப் பெயர் இன்று கும்பகோணத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதை இன்று வியப்பாகச் சொல்கிறோம். மேடை பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இருந்திருக்காது, சம்பளத்தைத் தவிர.

நோட்டீஸ்களில் 'அயன் ராஜபார்ட்' என்றும் பார்க்கலாம். இந்த அயன் பிரம்மா இல்லை. உருது வழியாக வந்த 'உயர்ந்த, முதல்தரமான' என்ற பொருளுள்ள சொல். நிலவரிக் கணக்கில் அயன் நஞ்சை, அயன் புஞ்சை என்று எழுதுகிறார்களே, அதே அயன். வடமொழி, ஆங்கிலம், உருது மூன்றும் ஒரு பட்டப்பெயருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

கூடப் பிறந்த சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஸ்திரீபார்ட்' நாயகி வேடம். அதைப் பெண்ணும் ஏற்கலாம், ஆணும் ஏற்கலாம். சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாருக்கு ஜோடியாக நடித்த ரங்கவடிவேலு ஆண். சிவாஜி கணேசன் சிறுவனாகக் கம்பெனியில் ஆடத் தொடங்கியது சீதையாக. எனவே இதைப் 'பெண்வேடம்' என்று தமிழாக்கினால், ஆண் பெண்ணாக வருவது என்ற பொருள் மட்டும் நின்றுவிடும். 'கள்ளபார்ட்' திருடன் வேடம். 'சதாரம்' நாடகத்துக் கள்வனை நினைத்துக்கொள்ளுங்கள். சினிமாவிலும் நடித்த கள்ளபார்ட் நடராஜனுக்கு அதுவே முன்பெயராக ஒட்டிக்கொண்டது. 'பபூன்' கன்னத்தை உப்பி ஊதுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு, ஆங்கிலம் வழியே மதுரைக்கு வந்தது. குரங்கு வகையான பபூனுக்கும் இதற்கும் தமிழில் எழுத்து ஒன்றாகிவிட்டது பாவம். இதற்குக் கோமாளி நல்ல தமிழ். கட்டியங்காரன் என்று போடக் கூடாது. அவன் கூத்தில் கதையை அறிவித்து நடத்துகிறவன், வேலை வேறு.

சரி, ராஜபார்ட்டுக்குத் தமிழ் என்ன?

'இராசபார்ட்' என்று எழுதுவோர் உண்டு. தலையில் குடுமி வைத்துக் காலில் பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது. 'கதாநாயகன்' தமிழும் இல்லை, பொருத்தமும் இல்லை. அது கதைக்குள் இருப்பவன். 'கதைத்தலைவன்' தமிழ்தான், ஆனால் அதே குறை. 'முதன்மை நடிகர்' ஆளைக் குறிக்கிறது, பிழையில்லை, அலுவலகக் கடிதம் போல உப்பில்லாமல் இருக்கிறது.

எனக்குப் படுவது 'தலைவேடம்'. ஏற்பவர் தலைவேடக்காரர். இங்கே 'தலை' சும்மா வரவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், ஆடலில் சிறந்தவளுக்குத் 'தலைக்கோல்' பட்டம் கிடைக்கிறது. மாதவி அதைப் பெறுகிறாள், கூடவே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். அந்தத் தலைக்கோல் எதனால் ஆனது? போரில் புறங்கொடுத்து ஓடிய மன்னனின் வெண்கொற்றக் குடைக் காம்பு. மேடையில் முதல் இடத்தைக் குறிக்க ராஜாவின் பொருளைக் கடன் வாங்குவது அப்போதே இருந்திருக்கிறது. 'வேடம்' வடமொழியின் வேஷம் அல்லவா என்று கேட்பவர்கள் 'கோலம்' என்று மாற்றப் பார்ப்பார்கள். 'தலைக்கோலம்' என்றால் தலையில் அணியும் நகையாகிவிடும். வேடமே இருக்கட்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியதில்லை. வெளிநாட்டு நாடகக் குழுவின் முதல் நடிகரைப் பற்றி எழுதினால் தலைவேடக்காரர் என்று எழுதலாம். விஸ்வநாத தாஸைப் பற்றி எழுதும்போது ராஜபார்ட் என்றே எழுத வேண்டும். அது அவர் தொழிற்பெயர். 'ராஜபார்ட் வேடத்தில் நடித்தார்' என்று மட்டும் எழுதாதீர்கள். பார்ட்டும் வேடமும் ஒன்றே. 'நடுசென்டர்', 'கேட்டுக் கதவு' வரிசையில் அது சேர்ந்துவிடும். 'ராஜபார்ட் ஏற்றார்' போதும். பேச்சில் 'ராஜபார்ட் போட்டார்', 'கட்டினார்'.

1934-ல் எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் ஆடிய பவளக்கொடியையே படத்திலும் ஆடினார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அப்படி ஜோடியாகவே சினிமாவுக்குப் போனார்கள். சொல் மட்டும் கூடப் போகவில்லை. அங்கே 'ஹீரோ' உட்கார்ந்துவிட்டது. 1973-ல் சிவாஜி நடித்த 'ராஜபார்ட் ரங்கதுரை' வந்திராவிட்டால் நகரத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லே காதில் விழுந்திருக்காது.

நாடகத்திலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்த சொற்களை எடுத்துப் பாருங்கள். வேஷம் போடுகிறான், நாடகமாடுகிறான், கூத்தாடி, கோமாளி, பபூன் எல்லாம் வசவாகிவிட்டன. ஒருவனை 'ராஜபார்ட் மாதிரி வர்றான்' என்று சொன்னால் மட்டும் கேலியிலும் கொஞ்சம் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.