கேரளத்தில் கிராம சபை: வார்டு கூட்டத்துக்கு ஏன் போக வேண்டும், போய் என்ன கேட்க வேண்டும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: "மெம்பர் அவருக்கு வேண்டியவங்களுக்குத்தான் குடுக்கறாரு." வீட்டு மராமத்துக்குப் பணம் வந்தாலும், ஆடு வந்தாலும், தென்னைக்கு உரம் வந்தாலும் இதே பேச்சுதான். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேரளச் சட்டப்படி அந்தப் பட்டியலை முடிவு செய்யும் அதிகாரம் மெம்பரிடம் இல்லை. வார்டின் கிராம சபையிடம் இருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் அந்தக் கூட்டத்துக்குப் போவதே இல்லை. போனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கு வர வேண்டியது கைநழுவிப் போவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் ஓடுவது தமிழ்நாட்டுச் செய்திச் சேனல்கள். பொள்ளாச்சியிலும் கோவையிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் கிராம சபை என்றாலே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற தேதிகள்தான் நினைவுக்கு வரும். அங்கே ஊராட்சி முழுவதற்கும் சேர்த்துக் கூட்டம் நடக்கிறது. கேரளத்தில் அப்படி இல்லை. இங்கே ஒரு பஞ்சாயத்தே பல ஊர்களைச் சேர்த்தது, ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்டது. அதனால் 1994-இல் வந்த கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் ஒவ்வொரு வார்டையும் தனித்தனி கிராம சபையாக வைத்திருக்கிறது. தேதியும் மாநிலம் முழுக்க ஒன்றாக இருக்காது. உங்கள் வார்டின் கூட்டம் எந்த நாள், எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று தனியாகத்தான் அறிவிப்பார்கள். மெம்பரிடமோ, குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவிலோ கேட்டால் தெரிந்துவிடும்.

இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது? 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் கையில் கொடுப்பது என்று கேரளம் முடிவு செய்தது. அத்தனை பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற பேச்சு கிராம சபையில் தொடங்க வேண்டும் என்றும் வகுத்தார்கள். சாலை, குடிநீர், அங்கன்வாடி, விவசாய உதவி என்று பஞ்சாயத்து போடும் வருடாந்திரத் திட்டத்தின் முதல் படி இன்றைக்கும் அதுதான்.

யார் போகலாம்? அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். இதில் நம் எல்லைப் பக்கத்து ஆட்கள் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடும் பட்டியல் வேறு. அடையாள அட்டை கையில் இருக்கிறது, போன சட்டமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டேன் என்பதால் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது மட்டுமல்ல, 2025 டிசம்பர் தேர்தலுக்கு முன்பு வார்டு எல்லைகளை மறுவரையறை செய்தார்கள். உங்கள் வீடு இப்போது வேறு வார்டில், வேறு எண்ணில் இருக்கலாம். பழைய மெம்பரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கு முன் பஞ்சாயத்து ஆபீஸில் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் சேர்க்க விண்ணப்பியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூடியாக வேண்டும். கூட்டுபவர் வார்டு மெம்பர். தலைமை வகிப்பவர் பஞ்சாயத்துத் தலைவர். அவர் வராவிட்டால் துணைத் தலைவர், அவரும் இல்லையென்றால் மெம்பரே நடத்தலாம். மெம்பர் தொடர்ந்து இரண்டு முறை கூட்டத்தைக் கூட்டத் தவறினால் அவருடைய பதவியே போகும் அளவுக்குச் சட்டம் கடுமையாக இருக்கிறது. வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1,200 வாக்காளர்கள் உள்ள வார்டு என்றால் 120 பேர். அதே பத்து சதவீதம் பேர் என்ன விஷயம் என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால் சிறப்புக் கூட்டமும் கேட்கலாம். கோடையில் குடிதண்ணீர் இல்லாமல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருக்களுக்கு இந்த வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கூட்டம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பள்ளிக்கூட ஹாலின் வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் வருகைப் பதிவேடு. அயல்கூட்டத்துப் பெண்களும் தொழிலுறுதி (ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகும் பெண்களும் முன்வரிசைகளை நிரப்பியிருப்பார்கள். ஆண்கள் வாசலோரம் நின்றுகொண்டிருப்பார்கள். மைக்கில் வரவேற்பு, போன கூட்டத்தின் அறிக்கை, திட்டங்களின் பெயர்கள் எல்லாம் மலையாளத்தில் வேகமாகப் போகும். டீயும் பிஸ்கெட்டும் வரும்போது பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். அதற்கு அப்புறம்தான் விவசாயம், குடிநீர், பெண்கள் என்று விஷயவாரியாகக் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்து பேசுவது நடக்கும். தயவுசெய்து அதுவரை இருங்கள். மைக் இல்லாத அந்தக் குழுவில் பத்திருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது தமிழில் பேசுவது சுலபம். குறிப்பு எழுதுபவரும் பக்கத்திலேயே இருப்பார். "ஏனுங்க மெம்பரே, போன தடவை எங்க தெருவுக்குக் குழாய்னு எழுதுனீங்களே, அது என்னாச்சுங்க?" என்று ஒரு அக்கா கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கிராம சபை எடுத்த முடிவு நிறைவேறாமல் போனால், ஏன் நிறைவேறவில்லை என்று தலைவர் அதே சபையில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நிதியாண்டின் முதல் கூட்டத்தில் போன வருட வேலைகள், செலவுக் கணக்கு, இந்த வருடத் திட்டம் எல்லாவற்றையும் சபை முன்னால் வைக்க வேண்டும். கணக்கு வாசிக்கும்போது நம் தெருவுக்கு என்ன ஒதுக்கினார்கள், என்ன செலவானது என்று கேட்பதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை.

பயனாளிகள் பட்டியலுக்கு வருவோம். பஞ்சாயத்து ஒரு திட்டத்தை முடிவு செய்ததும் அதற்கு யார் தகுதியானவர்கள், யாருக்கு முன்னுரிமை என்று அளவுகோல் வைத்து விண்ணப்பம் வாங்கும். விதவை, மாற்றுத்திறனாளி உள்ள வீடு, நிலமில்லாதவர் என்று திட்டத்துக்குத் தக்கபடி அந்த அளவுகோல் மாறும். பரிசீலித்த பட்டியல் கிராம சபைக்கு வரும். சபை முன்னுரிமை வரிசையை முடிவு செய்யும். அந்த வரிசையைப் பஞ்சாயத்து தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அஸ்திவாரமே இந்தச் சபைதான் என்று சொல்லும்படி சட்டம் எழுதியிருக்கிறார்கள். கேட்க ஆள் இல்லாத கூட்டத்தில் பட்டியலை வாசித்து, கைதட்டி, ஒப்புதல் என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வராந்தாவில் நின்று புலம்பி என்ன பயன்? பட்டியலை வாசிக்கும்போது உங்கள் பெயர் எத்தனையாவது, எந்த அளவுகோலில் பின்னால் போனது என்று அங்கேயே கேளுங்கள். வசதியுள்ளவர் பெயர் முன்னால் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே என்று தயங்குவது புரிகிறது. ஆனாலும் முகத்துக்கு நேராக, பத்துப் பேர் நடுவில், நிதானமாகச் சொல்வது முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட மரியாதையான காரியம். ஆபீஸ் சுவரில் மலையாளத்தில் 'குணபோக்தாக்கள்' என்று தலைப்பிட்டு ஒட்டியிருப்பது இந்தப் பட்டியல்தான். மலையாளம் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பாருங்கள்.

லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்திலும் கிராம சபைக்கு இடம் உண்டு. 2020-இல் விண்ணப்பம் வாங்கிப் போட்ட பட்டியலுக்கு மேல்முறையீடுகள் முடிந்த பின் கிராம சபை ஒப்புதல் வாங்கித்தான் இறுதியாக்கினார்கள். பெண்களுக்கான திட்டங்களுக்குப் பஞ்சாயத்து தன் திட்ட நிதியில் குறைந்தது 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணத்தில் என்ன செய்வது என்பதைப் பெண்கள் குழுவில்தான் சொல்ல வேண்டும். தையல் மெஷினே போதும் என்று விட்டுவிடாமல், நமக்கு எது அவசியமோ அதை எழுதச் சொல்லுங்கள்.

மொழிக்கு வருகிறேன். "நமக்கு மலையாளம் சரியா வராதுங்க" என்பதுதான் நம் ஆட்கள் ஒதுங்கி நிற்க முதல் காரணம். குறை தீர்க்கக் கேட்டு எந்த அதிகாரிக்கும், மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு கொடுத்திருக்கிறது. கேரளத்திலும் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழர், கன்னடர் என்ற இரு மொழிச் சிறுபான்மையினரும் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஆகவே தயங்காமல் தமிழில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் வாயால் சொன்னதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்கச் சுலபமாக இருக்கும்.

இடுக்கியில் நிலைமை கொஞ்சம் வேறு. மூணாறு, வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் பகலில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். வேலை நாளில் கூட்டம் வைத்தால் யாரும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி மெம்பரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. ஆதிவாசிக் குடியிருப்புகளான குடிகளில் கிராம சபையோடு, ஊருக்கூட்டம் என்ற ஆதிவாசிகளின் தனிக் கூட்டமும் உண்டு. 2010-இல் மூணாறிலிருந்து பிரித்து கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக உருவான இடமலைக்குடியில் குடிகளுக்குள்ளேயே பேசி முடிவெடுக்கும் வழக்கம் உண்டு.

இவ்வளவும் செய்த பின்னும் பட்டியலில் முறைகேடு என்று தெரிந்தால்? கூட்டக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒவ்வொரு பஞ்சாயத்தும் என்னென்ன சேவை, எத்தனை நாளில் என்று குடிமக்கள் சாசனம் வெளியிட வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆபீஸில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லஞ்சம், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது போன்ற புகார்களை உள்ளாட்சி ஓம்புட்ஸ்மேனிடம் (முறைகேட்டுப் புகார்களை விசாரிப்பவர்) கொண்டுபோகலாம். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் அந்தப் பதவியில் இருப்பார்; பஞ்சாயத்துத் தலைவர், மெம்பர், அங்கே வேலை பார்க்கும் ஊழியர் எல்லோர்மீதும் அவர் விசாரிக்கலாம். அவருடைய அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. புகாரோடு வருகைப் பதிவேட்டின் நகல், குறிப்பின் நகல், நீங்கள் முத்திரை வாங்கி வைத்த மனு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.