கஞ்சிச் சட்டியில் எச்.ஐ.வி. இல்லை

போன வாரம் வந்தவர் தீவுப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். பல வருடமாக விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சட்டைப்பையில் இருந்த மாத்திரையை யாரோ பார்த்து, விசாரித்து, விஷயம் கரைக்கு வந்துவிட்டது. மறுநாள் டோக்கன் வாங்கும்போதே, "உனக்குப் பதிலா ஆள் போட்டாச்சுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்து இந்த வருடம் நான் கேட்கும் மூன்றாவது கதை இது.

அவர் சம்மதத்தோடு படகுக்காரரிடம் பேசினேன். "ஒரே சட்டியிலதான் ஆக்கித் திங்கிறோம் மேடம். வலை இழுக்கையில கை கிழியும், ரத்தம் மீன்ல படும். அப்புறம் அதை எவன் வாங்குவான்?"

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான், 1986-ல். ஒரு தலைமுறை வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது, சட்டி பயம் மட்டும் போகவில்லை. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். எச்சிலில் பரவாது. வியர்வையில் பரவாது. ஒரே தம்ளரில் டீ குடித்தால், ஒரே பாயில் படுத்தால், கொசு கடித்தால் வராது. மீனுக்குள் இது வளரவே வளராது. கொதிக்கிற குழம்பில் எந்த வைரஸ் உயிரோடு இருக்கும்? வீட்டில் தனித் தட்டு வைக்கிற அம்மாக்களே, அந்தத் தட்டு எந்த நோயையும் தடுப்பதில்லை, பிள்ளையின் சாப்பாட்டைத்தான் குறைக்கிறது.

படகுக்காரர் யோசிக்காத ஒன்று உண்டு. அந்தப் படகில் எத்தனை பேர் ரத்தம் சோதித்திருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து சோதித்து, தினமும் மாத்திரை போட்டு, வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவில்கூடத் துணைக்குப் பரவாது. அவரைத்தான் இறக்கிவிட்டார்கள்.

2004 முதல் அரசு மருத்துவமனைகளில், இந்த வைரஸை அடக்கி வைக்கிற கூட்டு மருந்து இலவசம். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஆனால் ராமநாதபுரத்தில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ் காசு இல்லாத மாதம் மாத்திரையும் இல்லை. விட்டு விட்டுப் போட்டால் மருந்து கேட்காமல் போகும்.

எங்கள் துறைக்காரர்களையும் விட முடியாது. வார்டில் "அந்தக் கேஸா?" என்று சத்தமாகக் கேட்பது, ஃபைலில் சிவப்பு மையில் எழுதுவது எல்லாம் தப்பு. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதும் கூடாது.

பயப்பட வேண்டியது ஆணுறை இல்லாத உறவுக்கும், பிறருக்குப் போட்ட ஊசிக்கும். கர்ப்பமானவுடன் சோதியுங்கள், கணவரையும் கூட்டி வாருங்கள். அம்மா ஒழுங்காக மருந்து எடுத்தால் குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு ஓடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நேரில் வர கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.

அவர் இப்போது மச்சானின் நாட்டுப்படகில் போகிறார். மச்சானுக்கு எல்லாம் தெரியும். ராத்திரி ஒன்பது மணி ஆனால் அவரே கேட்கிறாராம்: "மாத்திரை போட்டியா மாப்ள?"