வைஃபை சிப்போடு வரும் ஜிப் ஃபைல்: போர்ட் பண்ணும் முன் பார்க்க வேண்டியது

வைஃபை சிப் விற்கிறவர்கள் கூடவே ஒரு ஜிப் ஃபைலும் அனுப்புவார்கள். டிரைவரின் (சிப்பை இயக்கும் மென்பொருளின்) சோர்ஸ் கோடு, ஃபர்ம்வேர், அரைகுறையாக ஒரு பிடிஎஃப். பம்ப்செட் ஸ்டார்ட்டர் செய்கிறவர்களும், வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குத் தரவுப் பெட்டி செய்கிறவர்களும் அதைத் தங்கள் பெட்டியில் ஓடும்படி மாற்றித் தர, அதாவது போர்ட் பண்ண, தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் என்னிடம் வருவார்கள். “எப்போ சார் முடியும்?” என்பதுதான் முதல் கேள்வி. கோடு எந்த உரிமத்தில் வந்தது என்று நான் கேட்டால், “சிப்புக்குத்தான் காசு கொடுத்தாச்சே” என்பார்கள். கொடுத்த காசு சிப்புக்கு. கோடுக்கு விதி வேறு.

மேலே COPYING என்று ஒரு உரிம ஃபைல் கிடப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி ஃபைல்களில் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இருக்கும்; லினக்ஸின் உரிமம் அதுதான், விற்றால் சோர்ஸையும் தரச் சொல்வது. நடுவில் நாலு ஃபைலில் ‘ரகசியம், பிறருக்குத் தரக் கூடாது’ என்று இருக்கும். ஒரு மூலையில் சோர்ஸே இல்லாத, ஏற்கெனவே கம்பைல் செய்த .o ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் சேர்த்து, கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) ஏற்றும் ஒரே மாட்யூலாகக் கம்பைல் செய்து விற்றால் சிக்கல்தான். ஜிபிஎல்லின் 7ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது: வேறொரு ஒப்பந்தத்தால் இந்த உரிமத்தைக் கடைப்பிடிக்க முடியாது என்றால், விநியோகிக்கவே கூடாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

நம் பக்கம் இதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. விலை குறைய வேண்டும் என்று லினக்ஸை விட்டுவிட்டு, சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் போட்டு, லினக்ஸுக்கு எழுதிய டிரைவரை அதில் கொண்டுவரச் சொல்வார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் 2017 முதல், சோர்ஸைத் தரச் சொல்லாத எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, அதனால் கவலையில்லை என்று நினைப்பு. ஆனால் அங்கே எல்லாக் கோடும் ஒரே இமேஜாக, ஒற்றை ஃபைலாக, லிங்க் ஆகிறது. ஜிபிஎல் டிரைவர் உள்ளே வந்தால், மோட்டாரை ஓட்டும் உங்கள் சொந்த லாஜிக்கின் சோர்ஸையும் வாங்குகிறவருக்குத் தர வேண்டி வரும். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் மாதிரி: தலைமடைக்காரர் பாய்ச்சிக்கொள்ளலாம், கடைமடைக்குப் போவதை அடைக்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. டிரைவர் முழுவதும் சிப் கம்பெனியே எழுதியது என்றால், அதே கோடை வேறு உரிமத்தில் தர அவர்களுக்கு உரிமை உண்டு. அதை மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சேல்ஸ்மேன் போனில் சொன்னது கணக்கில் வராது. ஆனால் அவர்கள் லினக்ஸ் கெர்னலிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதிகளுக்கு அவர்களாலும் அனுமதி தர முடியாது. வைஃபை கோடில் இப்படி ஒட்டியது நிறைய இருக்கும். கடவுச்சொல் சரிபார்க்கும் பக்கத்துக்கு டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. 2012 முதல் அது, எம்ஐடி மாதிரியே சோர்ஸைத் தரச் சொல்லாத பிஎஸ்டி உரிமத்தில் மட்டுமே வருகிறது. அதன் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல், பெட்டியோடு தரும் கையேட்டிலும் சேர்த்துவிடுங்கள்.

ஃபர்ம்வேர் தனிக் கதை. சிப்புக்குள் ஓடும் அந்தக் கோடைச் சிலர் டிரைவர் ஃபைலுக்குள்ளேயே பெரிய எண் வரிசையாகத் திணித்திருப்பார்கள். அதைத் தனி ஃபைலாகப் பிரித்து, கெர்னலின் ஃபர்ம்வேர் ஏற்றும் முறையில் ஏற்றுங்கள். மறுவிநியோக அனுமதியையும் தனியாகக் கேளுங்கள்.

போர்ட் வேலை என்பது பெரும்பாலும் பொறுமை. சிப் கம்பெனியின் கோடு பழைய கெர்னலுக்கு எழுதப்பட்டிருக்கும். 4.15இல் டைமர் எழுதும் முறை மாறியது, வைஃபை இடைமுகத்தின் ஃபங்ஷன்கள் அடிக்கடி மாறுகின்றன. எர்ரர் வந்த இடத்தைத் திருத்திக்கொண்டே போகலாம். ஆனால் சில கெர்னல் ஃபங்ஷன்கள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். அங்கே கம்பைல் ஆகவில்லை என்று உரிம வரியில் ‘ஜிபிஎல்’ என்று பொய்யாக எழுதாதீர்கள். 2004இல் ஒரு மோடம் டிரைவரில், அந்த வார்த்தைக்கு அப்புறம் ஒரு பூஜ்ய எழுத்தைச் செருகி, கெர்னல் அதோடு படிப்பதை நிறுத்தும்படி செய்திருந்தார்கள். அது வெளியே வந்து கெர்னல்காரர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள்.

நாம் சின்ன ஆள், நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்கிறவர்களுக்கு லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைச் சொல்வேன். சிப்பும் டிரைவரும் பிராட்காமிடமிருந்து வந்தவை. 2003இல் உள்ளே லினக்ஸ் இருப்பது தெரிந்தபோது, கேள்வி வந்தது பெட்டி மேல் பெயர் இருந்த லிங்க்சிஸிடம், அதை அப்போதுதான் வாங்கியிருந்த சிஸ்கோவிடம். சோர்ஸை வெளியிட வேண்டியதாயிற்று. ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் பிறந்தது அதிலிருந்துதான். உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் உங்கள் பெயர்தான் இருக்கும்.

சரி, லினக்ஸில்தான் போகிறீர்கள் என்றால், விற்ற ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய சோர்ஸை, கம்பைல் செய்யும் ஸ்கிரிப்டுகளோடு, பெட்டியுடனேயே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், கேட்கிற எவருக்கும் குறைந்தது மூன்று ஆண்டுகள் வரை தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். டிரைவர் எழுதிய பையன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்தப் பழைய பதிப்பைத் தேடுவது, போர்ட் பண்ணுவதைவிடக் கஷ்டம்.