கைட்டியாக்கிட்டங்ஙா: தமிழில் என்ன சொல்லலாம்?

காட்டுவேலையும் செய்யலாம், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகளின் பண்பாட்டையும் கற்கலாம் என்று தன்னார்வலராக அங்கே போகிறவர்கள் காதில் முதல் வாரமே விழும் சொல் இது. முதலில் எழுத்துச் சிக்கலைப் பார்த்துவிடலாம். 'த' போட்டு எழுதினால் "கைதியாக்கி" என்று வந்து பொருளே கவிழ்ந்துவிடுகிறது, அதனால் 'ட்ட' போட்டிருக்கிறேன். கடைசி ஒலி 'அங்ஙனம்' என்பதில் வருகிற ங, 'தங்கம்' என்பதில் வருகிற 'ங்க' இல்லை.

சொல்லைப் பிரித்தால் எளிது. 'டியாக்கி' என்றால் காப்பது, பேணுவது. முன்னால் வரும் 'கை' நம் கை இல்லை, செய்கிறவரைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஆக்கோ' கற்றல், கற்பித்தல் இரண்டுக்கும் பொது, 'கையாக்கோ' ஆசிரியர். அப்படித்தான் 'கைட்டியாக்கி' காப்பவர். 'டங்ஙா' பெயராக்கும் ஈறு, நம் 'தல்', 'மை' போல.

நியூசிலாந்தின் 1991ஆம் ஆண்டு வள மேலாண்மைச் சட்டத்திலேயே இந்தச் சொல் மவோரி வடிவத்தில் அப்படியே ஏறிவிட்டது. அங்கே அதற்குத் தந்த விளக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது: ஓரிடத்தைக் காக்கும் பொறுப்பை அந்த இடத்தின் மண்ணின் மக்கள், மவோரி வழக்கப்படி, செலுத்துவது. ஆக யார் வேண்டுமானாலும் செய்யும் 'சூழல் பாதுகாப்பு' இல்லை இது. ஃபாக்கப்பாப்பா என்கிற வழிமரபுப்படி மரமும் பறவையும் மனிதனுக்கு மூத்த உறவு, உறவைப் பார்த்துக்கொள்வது சொந்தக்காரர் கடமை.

சரி, தன்னார்வலர் எங்கே வருகிறார்? விருந்தாளியாக. மராய் என்ற பொதுவிடத்தில் முறைப்படி வரவேற்பு பெற்று, மூக்கோடு மூக்கு ஒற்றி, செருப்பை வாசலில் விட்டுக் கூட்டவீட்டுக்குள் போய், அப்புறம்தான் நாற்று நடுவதும் எலிக்கும் கீரி போன்ற ஸ்டோட்டுக்கும் பொறி வைப்பதும். கற்றுக்கொள்வது வேலைக்குள்ளேயே கிடக்கிறது. ஹராக்கெக்கெ என்ற நார்ச்செடியில் நடுக்குருத்து பிள்ளை, அதை அணைத்த இரண்டு மடலும் தாய் தகப்பன், அந்த மூன்றையும் தொடாமல் வெளிமடலைத்தான் அறுப்பார்கள், அதுவும் மழையிலும் இரவிலும் கூடாது. வாழைக்கன்று பிரித்த கைக்கு இது உடனே புரியும். ஒன்றும் செய்யாமல் விலகி நிற்பதும் சில நேரம் காவல்தான். செருப்பு மண்ணில் ஒட்டிப் பரவும் நோயால் கௌரி (kauri) என்ற அந்நாட்டு மரங்கள் பட்டுப்போனபோது, 2017 டிசம்பரில் ஆக்லாந்தை ஒட்டிய வைட்டாக்கெரெக் காட்டுக்குள் யாரும் நுழையக் கூடாதென்று டெ கவெராவு ஆ மாக்கி இனத்தார் 'ராஹுயி' என்ற தடை போட்டார்கள்.

இப்போது தமிழ். 'பாதுகாவலர்' என்றால் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நினைவுக்கு வருகிறார். 'காவல்' நல்ல சொல்தான். கைட்டியாக்கி என்பது ஆளாகவும் இருக்கலாம், அந்த இடத்துக் காவல் தெய்வமாகவும் இருக்கலாம், அந்த இரட்டைப் பொருள் நம் 'காவலி'லும் உண்டு. ஆனால் இன்றைக்குக் காவல் என்றால் ஸ்டேஷன்தான். எனக்குப் பிடித்தது 'ஓம்பல்'. மவோரியில் இதனோடு சேர்ந்தே வரும் 'மனாக்கிட்டங்ஙா'வை விருந்தோம்பல் என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம் என்பதால் ஓசையும் பொருந்தும். எதை ஓம்புவது? மண் என்றால் ஆறும் கடலும் விடுபடும். 'திணை' என்றால் நிலம், நீர், மரம், விலங்கு, மக்கள், தெய்வம் எல்லாம் ஒரே கட்டில் வந்துவிடும். ஆகவே திணையோம்பல். ('திணைக்காவல்' வேண்டாம், தினைப்புனத்தில் வள்ளி கிளி ஓட்டுவது போல ஆகிவிடும்.)

ஒரே ஒரு எச்சரிக்கை. போய்வந்தவர் "நியூசிலாந்தில் ஒரு மாதம் திணையோம்பினேன்" என்று எழுதினால் தப்பு. "திணையோம்புகிறவர்களுக்குக் கைகொடுத்தேன்" என்பது சரி.